சீராட வந்தேன், மதுரைக்கு

புதன், இரவு

வைகை எக்ஸ்பிரஸை விட்டு இறங்கும்போது மணி ஒன்பதரை. சென்னையில் எங்கள் தெருவில் இந்நேரம் மாவுக்கடை அண்ணாச்சிகூட ஷட்டரை இழுத்திருப்பார். இங்கே ஆட்டோக்காரர்களின் சத்தத்துக்கு நடுவே ஸ்டேஷன் வாசலில் சித்தி ஒயர்கூடையோடு நின்றுகொண்டிருந்தார். "வாத்தா, என்ன இப்படி இளைச்சுப் போயிட்ட?" இது எல்லாருக்கும் சொல்வதுதான். நான் எழுபத்திரண்டு கிலோ.

இருபது வருஷமாக நான் மதுரைக்கு வந்ததெல்லாம் கல்யாணத்துக்கும் காரியத்துக்கும்தான். மண்டபத்துச் சாப்பாடு, மண்டபத்துக் காபி, ராத்திரி பஸ். இந்தத் தடவை வந்ததற்குக் காரணம் என்று ஒன்றும் இல்லை. கழுத்து வலிக்கிறது, முடி கொட்டுகிறது, ஆபீசில் லீவு மிச்சம் இருந்தது. போனில் புலம்பியபோது சித்திதான் சொன்னார்: "ஒன்னய யாரு சீராட்ட இருக்கா? கிளம்பி வா. அஞ்சு நாளு தின்னுட்டு, எண்ண தேச்சுக் குளிச்சுட்டு, ஒறங்கிட்டுப் போ." அம்மா போனபிறகு அந்தச் சொல்லை என்னிடம் யாரும் சொன்னதில்லை. அன்றைக்கே டிக்கெட் போட்டேன்.

எனக்கு நானே ஒரு விதி வைத்துக்கொண்டிருக்கிறேன். நான்கு வெளி வீதிகளுக்கு உள்ளேயே இருப்பது, எங்கேயும் நடந்தே போவது. சித்தியின் வீடு வடக்கு மாசி வீதியை ஒட்டிய ஒரு சந்தில் இருப்பதால் இது பெரிய தியாகம் இல்லை.

"வீட்டுல ஒண்ணும் செய்யல. சாப்புட்டே போயிருவோம்" என்றார்.

"எந்தக் கடைக்குப் போகலாம் சித்தி?"

"கடைய எதுக்குக் கேக்குற? மணி என்ன?"

"ஒம்பதே முக்கால்."

"அப்ப இட்லி."

அவர் ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். பதிலில் வழிமுறை இருக்காது, விடை மட்டும்தான் வரும். மேல மாசி வீதிப் பக்கம் நடந்தோம். சென்னைக்கும் கடல் தாண்டியும் போன முருகன் இட்லிக் கடை பிறந்த ஊர் இது. ஆனால் சித்தி கூட்டிப்போனது பிளாட்பாரத்தில் அடுப்பு வைத்திருந்த ஓர் அக்காவிடம். துணி போட்டு அவித்த இட்லியை ஈரத்தோடு உரித்து இலையில் போட்டார். தேங்காய்ச் சட்னி, தக்காளிச் சட்னி, மல்லிச் சட்னி, பெயர் தெரியாத ஒரு காரச் சட்னி, அதற்கு மேல் சாம்பார். எல்லாம் ஒன்றோடொன்று கலந்து ஓடும்போதுதான் ருசி. தட்டில் தனித்தனிக் கிண்ணம் வைத்துக் கொடுத்தால் அது வேறு பலகாரம்.

பக்கத்தில் நின்று சாப்பிட்டவர் ஜவுளிக்கடையில் வேலை முடிந்து வந்தவர் போல, எட்டு இட்லி வாங்கினார். நான் ஏழு.

வியாழன்

காலை ஐந்தே முக்காலுக்கு எழுப்பிவிட்டார். சீராட்டு என்றால் பத்து மணி வரை தூங்குவது என்று நான் நினைத்திருந்தேன். "பருத்திப்பால் தீந்துரும்த்தா" என்றார்.

தள்ளுவண்டியில் பெரிய அண்டா, அதற்கு அடியில் சின்னதாக நெருப்பு. பருத்திக்கொட்டையை ராத்திரி ஊறவைத்து, ஆட்டி, பால் பிழிந்து, அரிசிமாவும் கருப்பட்டியும் சேர்த்துக் காய்ச்சுகிறார்கள். சுக்கும் ஏலக்காயும் மூக்கில் ஏறும். மேலே தேங்காய்ப்பூ. கஞ்சிக்கும் பாயசத்துக்கும் நடுவில் ஒரு பதம். மாட்டுக்குப் போடுகிற கொட்டையில் மனுஷனுக்கும் ஒரு பால் இருக்கிறது என்று முதலில் கண்டுபிடித்தவர் யாரோ, நன்றாக இருக்கட்டும். தொண்டை கட்டியிருந்தது, இரண்டாவது டம்ளரில் விட்டது.

திரும்பி வரும்போது சித்தி ஊரின் கணக்கைச் சொன்னார். ஒரே மையம், ஒன்றுக்குள் ஒன்றாகச் சதுரங்கள். கோயிலுக்குள் ஆடி வீதி, மதிலுக்கு வெளியே சித்திரை வீதி, அதற்கடுத்து ஆவணி மூல வீதி, மாசி வீதி, கடைசியில் வெளி வீதி. மாதத்துக்கு ஒரு வீதி என்று ஒழுங்காகத்தான் போட்டிருக்கிறார்கள். ஆனால் சித்திரைத் தேர் ஓடுவது மாசி வீதியில். மாசியில் நடந்துவந்த கல்யாணத் திருவிழாவைத் திருமலை நாயக்கர் சித்திரைக்கு மாற்றி அழகர் திருவிழாவோடு சேர்த்தார், வீதியின் பெயரை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை. "மதுரக்காரனுக்கு மாசம் முக்கியமில்ல, தேருதான் முக்கியம்" என்றார்.

பதினோரு மணிக்கு மறுபடி தூங்கினேன். எழுந்ததும் வெயில் மண்டையைப் பிளந்தது. "இப்ப மணி என்ன?" என்று நானே கேட்டுக்கொண்டேன். பன்னிரண்டரை. அப்படியென்றால் விளக்குத்தூண்.

விளக்குத்தூண் பக்கம் இருக்கிற ஃபேமஸ் ஜிகர்தண்டா 1977-ல் தொடங்கியது. நான் வந்த வைகை எக்ஸ்பிரஸும் அதே வருஷம் ஓட ஆரம்பித்ததுதான். சென்னையிலும் இந்தப் பெயரில் என்னென்னவோ குடித்திருக்கிறேன், அவற்றைப் பற்றிப் பேச வேண்டாம். இங்கே முதலில் டம்ளரின் அடியில் ஊறவைத்த பாதாம் பிசின், வழுவழுவென்று. அதன்மேல் நன்னாரி சர்பத், சுண்டக் காய்ச்சிக் குளிரவைத்த பால், உச்சியில் அவர்களே செய்கிற ஐஸ்கிரீம். பாலை எவ்வளவு நேரம் சுண்டவிட்டார்கள் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. அந்தப் பழுப்பு நிறம் எசன்ஸ் ஊற்றி வருவதில்லை, பொறுமையால் வருவது. ஜிகர் என்றால் ஈரல், நெஞ்சு. தண்டா என்றால் குளிர்ச்சி. உருதுச் சொல் மதுரைக்கு வந்து இந்த ஊர்க்காரனாகவே ஆகிவிட்டது.

டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே விளக்குத்தூணை அண்ணாந்து பார்த்தேன். பிளாக்பர்ன் என்ற கலெக்டருக்கு ஊர்க்காரர்கள் நன்றியாக நட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்த்து ஊரை விரித்தவர். இடிக்கிறவர்களுக்கு இடம் என்று சொல்லி அந்த வேலையைச் செய்தாராம். வேலையைக் கூட இருந்து பார்த்த மாரட்டுக்கும் பெருமாள் மேஸ்திரிக்கும் ஆளுக்கு வீதிகள் கிடைத்தன. ஒரு கலெக்டர், ஒரு சர்வேயர், ஒரு மேஸ்திரி. மூன்று பேரில் மேஸ்திரிக்கும் வீதிப் பெயர் கொடுத்த ஊர் எனக்குப் பிடித்திருக்கிறது.

மூன்று மணிக்கு மேல சித்திரை வீதி, கோபு ஐயங்கார் கடை. வெள்ளையப்பம். வெளியே லேசாக மொறுமொறுப்பு, உள்ளே பஞ்சு, தொட்டுக்கொள்ளச் சட்னி. சித்தி கல்லூரியில் படிக்கும்போதிருந்து வருகிறாராம். கூட்டமாக இருந்ததால் யாரோ ஒருவர் மேசையில் பங்கு போட்டு உட்கார்ந்தோம். எழுந்து வரும்போது அந்த ஆள் என்னைப் பார்த்து, "காபி குடிக்காமப் போறீங்களே" என்று நிஜமான வருத்தத்தோடு கேட்டார். மறுபடி உட்கார்ந்தோம்.

சாயங்காலம் கீழ மாசி வீதியில் நாட்டு மருந்துக் கடை. நாளைக்கு எண்ணெய்க் குளியல் என்று சித்தி முடிவு செய்துவிட்டார், பெண்களுக்குச் செவ்வாயும் வெள்ளியும்தான். கடைக்குள் நுழைந்ததுமே வாசனை ஆளைச் சுற்றிப் பிடித்தது. சித்தி சீட்டே இல்லாமல் சொல்லச் சொல்ல, கடைக்காரர் தராசைப் பார்க்காமலே அள்ளி வைத்தார். கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, கோரைக்கிழங்கு, கார்போக அரிசி, வெட்டிவேர், காய்ந்த ஆவாரம்பூ, ரோஜா இதழ். இதையெல்லாம் பாசிப்பயறோடு அரைத்தால் நலங்கு மாவு. தலைக்குச் சீயக்காய், கூடவே அரப்பு.

அரப்பு என்பது உசிலை மரத்து இலையைக் காயவைத்து இடித்த பச்சைப் பொடி. பக்கத்தில் உசிலம்பட்டி என்று ஓர் ஊரே அந்த மரத்தின் பெயரில் இருக்கிறது. "சீயக்கா அழுக்க எடுக்கும், அரப்பு சூட்ட எடுக்கும்" என்றார் கடைக்காரர். எனக்கு இரண்டும் வேண்டியிருந்தது.

ராத்திரி எட்டரை. இந்த மணிக்கு விடை: கறி தோசை. சிம்மக்கல் கோனார் மெஸ். கல்லில் கனமாக ஒரு தோசை, அதன்மேல் முட்டை, அதன்மேல் மசாலாவில் வெந்த கொத்துக்கறி, எல்லாம் ஒன்றாக ஒட்டிக்கொண்டபிறகு ஒரு திருப்பு. கறியின் எண்ணெய் தோசையின் ஓரத்தில் வந்து முறுகும் இடத்தை முதலில் பிய்த்துத் தின்ன வேண்டும். சித்தப்பா வியாழக்கிழமை கவிச்சி தொட மாட்டார். பக்கத்தில் உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பாவமாகத்தான் இருந்தது, ஆனாலும் இன்னொன்று சொன்னோம்.

வெள்ளி

இன்றைக்குக் கடை எதுவும் இல்லை. நாள் முழுக்க என் தலைதான்.

ஏழு மணிக்கு முற்றத்தில் பலகை போட்டாயிற்று. இரும்புக் கரண்டியில் நல்லெண்ணெய், அதில் நாலு மிளகு, ஒரு சிட்டிகை சீரகம். மிளகு வெடித்ததும் இறக்கி, விரலில் தொட்டுப் பார்த்துவிட்டு, உச்சந்தலையில் வைத்துத் தட்டினார். தேய்ப்பது அப்புறம்தான், முதலில் தட்டுவது. உள்ளங்கையைக் குவித்து, தவில் வாசிப்பதுபோல, பத்து நிமிஷம். அதன்பிறகு விரல் நுனியால் காதுக்குப் பின்னால், பிடரியில், நெற்றிப்பொட்டில். கழுத்தில் ஓர் இடம் இருக்கிறது, லேப்டாப்பைப் பார்த்துப் பார்த்துக் கல்லாகிப்போன இடம். சித்தியின் கட்டைவிரல் யாரும் சொல்லாமலே நேராக அங்கே போய் நின்றது.

"என்னடி இது, கொட்டப்பாக்கு மாதிரி?"

"கம்ப்யூட்டர் சித்தி."

"கம்ப்யூட்டர இங்கிட்டு ஏன் வச்சிருக்க?"

நான் ஸ்பாவுக்கெல்லாம் போயிருக்கிறேன். மெல்லிய இசை, மெழுகுவர்த்தி, காதருகே கிசுகிசுப்பாக "பிரஷர் ஓகேவா மேடம்". அங்கே நம்மை யாரும் திட்ட மாட்டார்கள். இங்கே எண்ணெய் வைத்த அரைமணி நேரமும் திட்டு விழுந்தது. முடியை இப்படியா வைத்திருப்பது, ராத்திரி பன்னிரண்டு வரை என்ன முழிப்பு, இந்த முட்டிக்கு ஏன் இத்தனை கறுப்பு. ஒவ்வொரு திட்டுக்கும் கை இன்னும் கொஞ்சம் இதமாக அழுத்தியது. எங்கே வலிக்கிறது என்று அம்மாவும் ஒருநாளும் கேட்டதில்லை, கண்டுபிடித்துவிட்டுத் திட்டுவார். இரண்டு பேருக்கும் ஒரே கை. அக்கா தங்கை இல்லையா.

வெந்நீர் இரண்டு அண்டா. சீயக்காயும் அரப்பும் வடித்த கஞ்சியில் கரைத்தது. கண்ணில் விழுந்து எரிந்தது, அதற்கும் திட்டு. உடம்புக்கு நலங்கு மாவு. குளித்துவிட்டு வந்து உட்கார்ந்ததும் தணலில் சாம்பிராணி போட்டு, மேலே பிரம்புக்கூடையைக் கவிழ்த்து, அதன்மேல் என் முடியைப் பரப்பினார். நாற்பத்தாறு வயதுப் பெண்மணி, கூடையில் தலையைச் சாய்த்துக்கொண்டு புகைக்குள் கிடந்தேன். கண் சொருகியது.

"தூங்கிராத!"

எண்ணெய் தேய்த்துக் குளித்த அன்றைக்குப் பகல் தூக்கம் கூடாது. தயிர், மோர் கூடாது, ஐஸ் கூடவே கூடாது. மதியம் மிளகு ரசம், பருப்புத் துவையல், சுட்ட அப்பளம். இந்தச் சாப்பாட்டுக்குப் பிறகு தூங்காமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? மூன்று முறை பிடிபட்டேன். கடைசியில் என்னைத் தூங்கவிடாமல் வைக்க பழைய ஆல்பத்தை எடுத்துக் கொடுத்தார்கள். நேற்றுக் குடித்த ஜிகர்தண்டாவை நினைத்துக்கொண்டே புரட்டினேன்.

நாலரைக்குப் பூ வாங்கக் கிளம்பினோம். பூவுக்கும் மணி உண்டு. மதுரை மல்லியை விடியுமுன் மொட்டாகப் பறித்து மாட்டுத்தாவணிச் சந்தைக்குக் கொண்டுவந்துவிடுகிறார்கள். அது விரிவது ராத்திரியில்தான். சாயங்காலம் இறுக்கமாக மொட்டாக இருப்பதை வாங்கித் தலையில் வைத்தால் எட்டு மணி வாக்கில் பின்னந்தலையில் ஒன்றொன்றாகத் திறக்கும். இதழ் கனம், காம்பு நீளம், அதனால்தான் தொடுக்க வாகாக இருக்கிறது, சீக்கிரம் கொட்டுவதும் இல்லை. 2013-ல் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். மதுரைப் பெண்களுக்கு அது அதற்கு முன்பே தெரியும். பூக்கார அப்பத்தா முழத்தைக் கையால் அளந்து கொடுத்தார். சித்தி எப்போதும் இவரிடம்தான் வாங்குவார், காரணத்தைக் காதோடு சொன்னார்: "இவுகளுக்குக் கை நீளம்."

போனைக் கோயிலுக்குள் விடுவதில்லை என்பதால் வெளியே காப்பகத்தில் கொடுத்துவிட்டோம். ஐந்து நாளில் நிம்மதியாக இருந்த இரண்டு மணி நேரம் அதுதான் என்று சொன்னால் மிகையில்லை. பொற்றாமரைக் குளத்தின் மேற்கே ஊஞ்சல் மண்டபம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மீனாட்சியையும் சொக்கரையும் ஊஞ்சலில் வைத்து ஆட்டுகிறார்கள், ஓதுவார் பாடுகிறார். ராத்திரி நடை சாத்தும்போதோ சொக்கரின் பாதுகையைப் பல்லக்கில் அம்மன் பள்ளியறைக்குக் கொண்டுபோய், பால் வைத்து, பாட்டுப் பாடித் தூங்கவைக்கிறார்கள். தினமும். ஒருநாள்கூட விடுவதில்லை.

"சாமியவே இந்தச் சீராட்டுச் சீராட்டுற ஊருடி. ஒன்னய விட்டுருவமா?" என்றார் சித்தி.

குளத்துப் படியில் உட்கார்ந்திருந்தபோது பின்னந்தலையில் முதல் மொட்டு விரிந்துவிட்டது. மணி ஏழுதான் ஆகியிருந்தது. கொஞ்சம் அவசரக்காரப் பூ.

சனி

இன்றைக்குச் சித்தப்பாவின் முறை. சனிக்கிழமை அவர் சலூனுக்குப் போவார். முடிவெட்டிக்கொள்ள அல்ல, அவர் தலையில் வெட்டுவதற்கு அதிகம் இல்லை. தலையில் எண்ணெய் வைத்துத் தட்டி, தோளைப் பிசைந்து, கடைசியில் கழுத்தை ஒரு சொடக்கு. "நாப்பது வருஷமா ஒரே கை. கையி வேற ஆளுக்கு மாறுனா எனக்கு ஒறக்கம் வராது" என்றார். திரும்பி வந்தபோது பத்து வயது குறைந்திருந்தது.

அதைப் பார்த்து எனக்கும் ஆசை வந்தது, அதுதான் தப்பு. பக்கத்தில் ஏசி போட்ட ஒரு பியூட்டி பார்லருக்குப் போனேன். பெயர் வேண்டாம். பதினொரு மணிக்கு வரச் சொன்னார்கள், பன்னிரண்டரை வரை உட்காரவைத்தார்கள். காலை வெந்நீரில் வைத்ததும் கரண்ட் போனது. முகத்தில் ஏதோ பச்சையாக அப்பியிருந்தார்கள், அது காய்ந்து இறுகி என்னால் பேசவும் முடியவில்லை. "ஜெனரேட்டர் இல்லையா?" என்று கேட்கவேண்டியதை முழுக்கக் கண்ணாலேயே கேட்டேன். அரைமணி கழித்து மக்கில் தண்ணீர் கொண்டுவந்து கழுவிவிட்டார்கள். பில்லில் மட்டும் இருட்டுக்குத் தள்ளுபடி இல்லை.

சித்தி சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருக்க எடுத்துக்கொண்ட முயற்சி நன்றாகத் தெரிந்தது.

கோபத்தைச் சேலையில் காட்டலாம் என்று சுங்குடி வாங்கப் போனோம். சௌராஷ்டிரக்காரர்களின் கைவேலை. துணியைத் துளித்துளியாக நகத்தால் கிள்ளி நூலால் முடிச்சுப் போட்டு, சாயத்தில் முக்கிக் காயவைத்து, கடைசியில் முடிச்சை இழுத்தால் ஒவ்வொரு முடிச்சும் ஒரு வெள்ளைப் புள்ளியாக நிற்கும். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சு. இப்போது கடையில் கிடைப்பதில் பெரும்பாலும் அச்சுப் புள்ளிதான். கைமுடிச்சைக் கண்டுபிடிக்கச் சித்தி ஒரு வழி சொன்னார்: புள்ளிகளெல்லாம் ஒரே மாதிரி இருந்தால் அச்சு, கொஞ்சம் கோணினால் கை. கத்தரிப்பூ நிறத்தில் கோணல் புள்ளியாக ஒன்று எடுத்தேன். விலை கொஞ்சம் கூடத்தான்.

ரவிக்கை தைக்க முன்பெல்லாம் புது மண்டபத்துக்கே போய்விடலாம். திருமலை நாயக்கர் கட்டிய கல்மண்டபம், தூணுக்கு ஒரு தையல் மெஷின். சின்ன வயதில் என் பாவாடைக்கு அங்கே அளவெடுத்தபோது பக்கத்தில் ஒரு கல்யாளி என்னையே முறைத்துக்கொண்டிருந்தது ஞாபகம் இருக்கிறது. இப்போது அந்தக் கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள். மண்டபத்துக்கு அதுதான் நல்லது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் புது இடத்தில் யாளி இல்லை. துணியைக் கொடுத்துவிட்டு ஒரு டீ குடித்துத் திரும்பினோம், ரவிக்கை தயாராக இருந்தது. வேகம் மட்டும் மாறவில்லை.

சாயங்காலம் தெற்கு மாசி வீதிப் பக்கம் முள்முருங்கை வடை. வடை என்று பெயரே தவிர பூரி மாதிரி தட்டையாக, பச்சையாக இருக்கும். முள்முருங்கை இலையை அரிசியோடு அரைத்துத் தட்டிப் பொரித்தது. சுடச்சுட எடுத்து மேலே இட்லிப் பொடியைத் தூவித் தாளில் வைத்துத் தருகிறார்கள். சளிக்கு நல்லது என்று வண்டிக்காரர் சொன்னார். எண்ணெயில் பொரித்த ஒன்றைச் சாப்பிட உடம்புக்கு நல்லது என்ற காரணம் கிடைத்தால் யார் விடுவார்கள்? நான்கு.

வரும் வழியில் மேல மாசி வீதியில் காதி கடை. 1921 செப்டம்பரில் காந்தி மேல்சட்டையைக் களைந்து அரைவேட்டிக்கு மாறியது இந்த வீட்டில்தான். புதுச்சேலைப் பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு வேகமாகக் கடந்தேன்.

ஞாயிறு

விதியை மீறிவிட்டேன். வைகையைத் தாண்டினேன்.

அயிரை மீனுக்காக. விரல் நீளம்கூட இல்லாத குளத்து மீன். உயிரோடு வாங்கி, பாலிலோ உப்புத் தண்ணீரிலோ விட்டு வயிற்று மண்ணைக் கக்கவைத்துத்தான் சமைப்பார்கள். தலையையும் முள்ளையும் கழிக்காமல் முழுசாகப் புளிக்குழம்பில் போடுவது. "வீட்டுல செய்யலாந்தான், ஆனா அதுக துள்றதப் பாத்தா எனக்குத் திங்க மனசு வராது" என்றார் சித்தி. அதனால் தல்லாகுளம் அம்மா மெஸ். ஏ.வி. பாலத்தில் நடந்தே போனோம், 1889-லிருந்து நிற்கிற பாலம். கீழே ஆற்றில் தண்ணீரைவிடப் புல்லும் மாடும்தான் அதிகம்.

குழம்பில் புளி, சின்ன வெங்காயம், மீன். சோற்றில் பிசைந்தால் மீன் கைக்குத் தனியாக அகப்படாது, குழம்பே கெட்டியானது போலிருக்கும். கூட ஒரு நண்டு ஆம்லெட். சித்தப்பா வியாழக்கிழமைக் கணக்கையும் சேர்த்துத் தீர்த்துக்கொண்டார். மூன்று பேரும் திரும்பும்போது பேசவில்லை, ஆட்டோ பிடித்தோம்.

ராத்திரி பாண்டியன் எக்ஸ்பிரஸ். எட்டு மணிக்கு மூட்டை கட்டினேன். சித்தி வாழையிலையில் சுருட்டிய மல்லி, மீதமிருந்த நலங்கு மாவு, அரப்பு எல்லாவற்றையும் என் பையில் திணித்தார். ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் பிரேமா விலாஸில் சுடச்சுட அல்வா. இலைத் துண்டில் வாங்கி நின்றபடியே ஆளுக்கு ஐம்பது கிராம். விரலெல்லாம் நெய். "மணியப் பாரு, மணியப் பாரு" என்று சித்திதான் தள்ளிக்கொண்டு போனார். ஐந்து நாளில் மணியைப் பார்த்து எதையும் சாப்பிடாமல் ஓடியது அப்போதுதான்.

பிளாட்பாரத்தில் ஜன்னல் வழியாகக் கையை விட்டு என் பிடரியை ஒரு அழுத்து அழுத்திப் பார்த்தார். "கொஞ்சம் எளகியிருக்கு. தையில வா, பாக்கிய எடுத்துரலாம்."

இதை எழுதும்போது ரயில் திண்டுக்கல்லைத் தாண்டிவிட்டது. பையைத் திறந்தால் அரப்புப் பொட்டலம் பிரிந்து துண்டு, சார்ஜர், புதுச் சுங்குடி எல்லாம் பச்சை. தட்டத் தட்டப் பெட்டி முழுக்க வாசனை. எதிர் பெர்த்தில் படுத்திருந்த ஓர் அம்மா எழுந்து உட்கார்ந்து மூக்கை உறிஞ்சினார்.

"அரப்பா? நல்ல அரப்பா இருக்கே, எங்க வாங்குனீங்க?"

"கீழ மாசி வீதில."

"பேர் என்ன, கடை?"

பார்க்கவே இல்லை. "சாயங்காலம் ஆறு மணிக்கு மேல போங்க" என்றேன்.